கப்பல் இலக்கம் எழுதும் பிள்ளை: ஓட்டிசம், வன்முறைத் தீவிரவாதம், ஆராய்ச்சி பற்றிய கேள்வி பதில்

போன சனிக்கிழமை திருகோணமலை உவர்மலையில் பெற்றோர், ஆசிரியர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று முப்பது பேர் வரை கூடியிருந்தோம். ஓட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனத்தை ஒன்றில் நிறுத்தச் சிரமம், மிகைச் சுறுசுறுப்பு) போன்ற மூளை வேறுபாடு உள்ளவர்கள் வன்முறைத் தீவிரவாதத்துக்குள் இழுபடுவார்களா, அதை அவர்கள்மேல் பழி விழாமல் எப்படி ஆராய்வது என்பதுதான் பேச்சு. கேள்விகளைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னேன். நேரம் போதாமல் நிறைய மிஞ்சிவிட்டது. அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பதினெட்டு வருடமாக இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். ஆராய்ச்சிப் பக்கம் வந்தது பிறகுதான்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: அக்கா, என் மகனுக்கு 13 வயது, ஓட்டிசம். வெளிநாட்டில் தாக்குதல் செய்த ஒருவனுக்கும் ஓட்டிசம் என்று செய்தியில் போட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இவனும் அப்படிப் போய்விடுவானா?

தங்கச்சி, ஓட்டிசம் இருக்கிறது என்பதற்காக யாரும் அந்தப் பாதையில் போவதில்லை. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் திருகோணமலை மாவட்டத்தில் மட்டுமே சில ஆயிரம் பேர் இருப்பார்கள். பக்கத்து வீட்டில், சந்தையில், கோயில் வீதியில் நம்மோடுதான் இருக்கிறார்கள். வன்முறை என்று வந்தால் இவர்கள் பெரும்பாலும் அடி வாங்குகிற பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் உங்கள் மகனை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், அதுதான் உங்கள் கவலைக்குரிய கேள்வி.

பெயர் எழுதாத ஒருவர்: தனியாகத் தாக்குதல் செய்தவர்களில் 3 சதவீதத்துக்கு மேல் ஓட்டிசம் என்று வாசித்தேன். பொதுவாக 1 சதவீதம்தானே? அப்படியென்றால் மூன்று மடங்கு இல்லையா?

நீங்கள் வாசித்தது எமிலி கோர்னர், போல் கில், ஒலிவர் மேசன் 2016இல் வெளியிட்ட கட்டுரையாக இருக்க வேண்டும். தனித்துச் செயற்பட்ட 153 பேரில் 3.3 சதவீதம். தலையை எண்ணினால் 5 பேர். ஐந்து பேரை வைத்து உலகத்தில் உள்ள கோடிக்கணக்கானவர்களைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பிடிபட்ட ஒருவரை வழக்குக்காக மருத்துவர்கள் சோதிப்பார்கள், அப்போது ஓட்டிசம் தெரிய வரும். பிடிபடாமல் ஒழுங்காக வாழ்கிற நாற்பது வயதுக்காரரை யாரும் சோதிப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல் இல்லாமல் மடங்குக் கணக்குப் போடக்கூடாது.

இன்னொன்று. பிரித்தானியாவில் 2015இலிருந்து, பிள்ளைகள் பயங்கரவாதத்துக்குள் இழுபடாமல் தடுப்பதைக் கருத்தில் கொள்வது பாடசாலைகளின் சட்டக் கடமை. சந்தேகம் வந்தால் ‘பிரிவென்ட்’ என்ற அரச திட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஓட்டிசம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பதாக அங்கே 2021இல் பயங்கரவாதச் சட்டங்களின் சுயாதீன மீளாய்வாளர் ஜொனதன் ஹோல் சொன்னார். ஆனால் பட்டியலில் இருக்கிறவர் குற்றம் செய்தவர் இல்லை. யாரோ ஒருவருக்குப் பயம் வந்தது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது என்பதையும் ஆராய வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: மிஸ், எந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு செக் லிஸ்ட் தந்தால் எங்களுக்கு வசதியாக இருக்குமே?

சேர், அது மட்டும் வேண்டாம். ஏன் என்று கணக்காகவே காட்டுகிறேன். நம் மாவட்டத்தின் சனத்தொகை 3,80,000 என்று வைப்போம். 90 சதவீதம் சரியாகச் சொல்கிற ஒரு செக் லிஸ்ட் கிடைத்துவிட்டது என்றும் வைப்போம் (அப்படி ஒன்று உலகத்தில் எங்கும் கிடையாது). உண்மையில் ஆபத்தானவர்கள் ஐந்து பேர் என்றால், அந்த ஐந்து பேரைத் தேடுகிற பட்டியலில் குற்றமற்ற 38,000 பேரின் பெயர் விழும்.

அந்த 38,000 பேரில் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பதினாறு வயது. பின்னேரம் நாலு மணிக்கு உள்துறைமுக வீதிக் கரையில் வந்து நிற்பான். கையில் ஒரு சி.ஆர். கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, திகதி, நேரம், கப்பல், பக்கத்தில் எழுதியிருக்கிற இலக்கம், நிறம் என்று பிரித்திருப்பான். நிறத்துக்கு வெறும் சாம்பல் என்று எழுதமாட்டான். ‘வெளிறின சாம்பல்’, ‘மழை பெய்து விட்ட பிறகு வருகிற சாம்பல்’. நான் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை.

கடற்படைத் தளம் உள்ள ஊரில் கப்பல் இலக்கம் எழுதினால் என்ன நடக்கும்? ஒருநாள் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னான். தோளில் கை வைத்ததும் கத்திக்கொண்டு ஓடப் பார்த்தான். தாய் வந்து மூன்று மணித்தியாலம் அழுதுதான் கூட்டிக்கொண்டு போனார். கொப்பி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவன் கரைக்குப் போவதில்லை.

தனிமை, ஒரே விஷயத்தில் பிடிவாதம், முகம் பார்க்காமை, இராணுவத் தகவல் சேகரிப்பு, கேட்டால் ஓட்டம். உங்கள் செக் லிஸ்டில் எல்லாப் பெட்டியிலும் சரி விழுந்திருக்கும், சேர். எனக்கு இப்போது இருக்கிற பயமும் உண்மையானது: கப்பலைப் பற்றிக் கதைக்க அவனுக்கு ஊரில் யாரும் இல்லை என்று ஆக்கிவிட்டோம். நாளைக்குப் போனில் ஒருவன் வந்து, ‘தம்பி, எனக்கும் கப்பல் என்றால் உயிர்’ என்று சொன்னால்?

கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஒரு மாணவர்: இவ்வளவு சிக்கல் என்றால் இதை ஆராயாமலே விட்டுவிடலாமே, மிஸ்?

நானும் அப்படி நினைத்த காலம் உண்டு. என் மனதை மாற்றியது பிரித்தானியாவில் ஒரு சிறுமிக்கு நடந்தது. ஓட்டிசம் உள்ளவள். 15 வயதில் அவள்மேல் பயங்கரவாதக் குற்றச்சாட்டு. பிறகு, வயதுவந்தவர்கள் அவளைச் சுரண்டியிருக்கிறார்கள் என்ற முடிவு வந்து, 2021 முடிவில் வழக்கைக் கைவிட்டார்கள். அடுத்த வருடம் மே மாதம், 16 வயதில், இறந்துபோனாள்.

அவளை யார் அணுகினார்கள், என்ன சொல்லி அணுகினார்கள், வீட்டிலும் பள்ளியிலும் எது இல்லாததால் அந்தக் குரல் இனித்தது, விசாரணை அறையில் அவளுக்கு என்ன விளங்கியது? இவற்றை ஆராயாவிட்டால் இன்னொரு பிள்ளை போகும். நாம் விட்டுவிட்டால் செய்தித் தலைப்பு எழுதுகிறவர்கள்தான் பதில் சொல்லப் போகிறார்கள்.

அதே வளாகம், ஆய்வுக்கட்டுரை எழுதும் ஒரு தங்கச்சி: கேள்விக்கொத்து தயாரிக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இதைத்தான் நீட்டி எழுத ஆசை.

முதலில் உங்கள் ஆய்வின் தலைக் கேள்வியை மாற்றுங்கள். ‘ஓட்டிசம் தீவிரவாதத்துக்குக் காரணமா’ என்று தொடங்கினால் எந்தப் பதில் வந்தாலும் பழி ஒட்டிக்கொள்ளும். ‘இழுபட்ட ஒருவருடைய வாழ்க்கையில் ஓட்டிசம் எந்த இடத்தில் வந்தது, எந்த இடத்தில் அவரைக் காத்தது’ என்று கேளுங்கள். இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது சைனப் அல்-அத்தாரின் 2020ஆம் ஆண்டுக் கட்டுரை. ஆழ்ந்த ஆர்வம், ஒழுங்கு மேல் பிடிப்பு, புலன் உணர்வு போன்ற ஒவ்வொரு இயல்பையும் எடுத்து, அது சிலருக்கு எப்படிப் பலவீனமாகவும் சிலருக்கு எப்படிப் பாதுகாப்பாகவும் அமையும் என்று இரண்டு பக்கமும் பார்க்கிறார். விதியை விடாமல் பிடிக்கிற பிள்ளையை ஒரு தீவிரவாதக் குழுவின் கறுப்பு வெள்ளைப் பேச்சு கவரலாம். அதே பிள்ளை, ‘ஆளைக் காயப்படுத்தக்கூடாது என்பது விதி, நீ சொல்வது பிழை’ என்று அந்தக் குழுவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து போகவும் கூடும். இரண்டாவதைப் பதிய உங்கள் கேள்விக்கொத்தில் இடம் இருக்கிறதா?

அப்புறம், சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கரையோரக் கிராமத்துப் பெடியன் ஒருவனிடம் ‘வெடிமருந்து பற்றி உனக்கு ஏதும் தெரியுமா’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தெரியும்’ என்பான். டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வான். ஏன் கேட்கிறீர்கள் என்று யோசிக்கமாட்டான். தாளில் ‘ஆம்’ என்று ஒரு அடையாளம் விழும். அந்த ‘ஆம்’ யாருடைய பிழை? கேட்டவருடைய பிழை. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஓட்டிசம் உள்ளவர், 2012இல் இதற்கு ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று பொருள்படும் பெயர் வைத்தார். அவர்களுக்கு நம்மை விளங்கவில்லை என்று சொல்கிறோம், நமக்கும் அவர்களை விளங்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

கேள்விகளைக் களத்துக்குக் கொண்டுபோகுமுன் ஓட்டிசம் உள்ள இரண்டு மூன்று பேரோடு உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துங்கள். அவர்களுக்கு அதற்கு ஊதியம் கொடுங்கள், கட்டுரையில் பங்காளராகப் பெயர் போடுங்கள். ‘உன் பிள்ளை யாரோடும் சேராதவனா’ என்பதைத் தூக்கிவிட்டு, ‘மனம்விட்டுக் கதைக்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்’ என்று வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, தீவிரவாதத்தில் சம்பந்தப்படாத ஓட்டிசம் உள்ளவர்களையும், ஓட்டிசம் இல்லாமல் சம்பந்தப்பட்டவர்களையும் சேருங்கள். தனிமை, கேலி, வேலையின்மை, வீட்டுத் துயரம் எல்லாவற்றையும் அளந்த பிறகும் ஓட்டிசத்துக்கென்று தனியாக ஏதாவது மிஞ்சுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

மூதூரிலிருந்து ஒரு பெரியவர்: மகள், நாங்கள் சொல்வதை ரகசியமாக வைப்போம் என்கிறீர்கள். நாளைக்கு பொலிஸ் கேட்டால்?

ஐயா, இதில் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான குற்றம் ஒன்று நடந்தது அல்லது அதற்கு ஆயத்தம் நடக்கிறது என்று தெரிந்தும் பொலிஸுக்குச் சொல்லாமல் விடுவதையே குற்றமாக்குகிறது. ஏழு வருடம் வரை சிறை. அதனால் எல்லாவற்றையும் ரகசியமாக வைப்போம் என்று எந்த ஆராய்ச்சியாளராலும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் நம்பாதீர்கள்.

நான் செய்வது இதுதான். நேர்காணல் தொடங்குமுன், எதைச் சொன்னால் என்னால் மறைக்க முடியாது என்பதைத் தமிழில், எளிய சொல்லில் வாசித்துக் காட்டுகிறேன். அந்தப் பகுதிக்குள் போகிற கேள்விகளைக் கேட்பதே இல்லை. பெயர் எழுதுவதில்லை, குரல் பதிவதில்லை. உடல்நலத் தகவலை 2022ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகையாக வைத்திருக்கிறது, நானும் அப்படித்தான் நடத்துகிறேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட ஊர் இது. ஒரு சந்தேகம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சகோதரி: மிஸ், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு எங்கள் முஸ்லிம் பிள்ளைகளை ஏற்கனவே அப்படித்தான் பார்க்கிறார்கள். இதில் ஓட்டிசம் என்ற பெயரும் சேர்ந்தால்?

உங்கள் பயம் நியாயமானது. அந்த வருடம் மே மாதம், கப்பலின் சுக்கான் சக்கரம் போட்ட உடுப்பை தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டு ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். 2021இல் ‘தீவிரமயமாக்கலிலிருந்து விடுவித்தல்’ என்ற பெயரில் ஆட்களைத் தடுத்துவைக்கும் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன, உச்ச நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது. இப்படியான நாட்டில் ஒரே ஒரு சமூகத்துப் பிள்ளைகளை மட்டும் எடுத்து இந்த ஆய்வைச் செய்கிறவர், முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டார். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எல்லா வீட்டிலும் கேட்க வேண்டும். எல்லா வகைத் தீவிரவாதத்தையும் கேட்க வேண்டும். இதற்கு மாறாக யாராவது உங்களிடம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு தந்தை: மதியிறுக்கம் என்பதா, ஓட்டிசம் என்பதா?

பிள்ளைக்கு எது பிடிக்குமோ அது. ‘விசர்’ என்பது மட்டும் வேண்டாம். இது நோயும் இல்லை.

பாலையூற்றிலிருந்து ஒரு தாய்: அக்கா, மகன் இரவிரவாகச் சண்டை, ஆயுத வீடியோ பார்க்கிறான். போனைப் பறிக்கவா?

பறித்தால் போன் மட்டும்தான் போகும், அவனுக்கு அதில் கிடைத்தது என்ன என்று தெரியாமலே போய்விடும். பக்கத்தில் உட்காருங்கள். அரை மணித்தியாலம் நீங்களும் பாருங்கள். எது பிடிக்கும் என்று கேளுங்கள். துப்பாக்கியின் பாகங்கள் பிடிக்கும் என்றால் அது ஒரு கதை, யாரையோ வெறுக்கிற பேச்சுப் பிடிக்கும் என்றால் அது வேறு கதை. இதை அனுப்பியது யார், அவரை நேரில் தெரியுமா, ‘வீட்டில் சொல்லாதே’ என்று எப்போதாவது சொன்னாரா என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் 1929க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு இலக்கம் அது. தன்னையோ பிறரையோ காயப்படுத்துவதாகச் சொன்னால் 1926 என்ற மனநல உதவி இலக்கம், அல்லது ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, அன்றைக்கே.

22 வயது, பெயர் வேண்டாம் என்று எழுதியவர்: எனக்கு ஓட்டிசம். இரண்டு மணித்தியாலம் என்னைப் போன்றவர்களைப் பற்றி எல்லோரும் கதைத்தீர்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தம்பியோ தங்கச்சியோ, நீங்கள் சொல்வது சரி. பிழை என்னுடையது. கூட்டத்தை ஒழுங்கு செய்தது நான்தான். மன்னியுங்கள்.

புதிய கேள்விக்கொத்தின் முதல் வரைவு பதினொரு பக்கம் இருக்கிறது. நீங்கள் திருத்தித் தந்தால் ஊதியம் உண்டு. கூட்டமாக வர வேண்டியதில்லை. பின்னறையில் மின்விசிறி சத்தம் போடுகிறது, அதை நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்து வைக்கிறேன். கதைக்க விருப்பமில்லை என்றால் கடதாசியில் எழுதுங்கள், நானும் கடதாசியிலேயே பதில் எழுதுகிறேன். நாளும் நேரமும் நீங்கள் சொல்லுங்கள்.