ஜெமினிட் விண்கல் மழை இரவுக்கு முன் சில கேள்விகள்

கே: அண்ணா, ஆகஸ்ட்ல பெர்சீட் விண்கல் மழை பார்க்க விடிய விடிய மாடியில கிடந்தும் ஒண்ணும் தேறலை. டிசம்பர்ல வர்ற ஜெமினிட் மட்டும் தெரியுமா?

ப: மேகம் வழிவிட்டால் தெரியும் தம்பி. பெர்சீட் கிளம்புவதாகத் தோன்றும் புள்ளி வடக்கே ரொம்பத் தள்ளி இருக்கிறது. நம்ம ஊரில் விடியற்காலையில்தான் அது ஓரளவு மேலேறும். ஜெமினிட்டுக்கு அந்தப் புள்ளி புனர்பூசத்துக்குப் பக்கத்திலேயே. ஏழரை, எட்டு மணிக்குக் கிழக்கே எழும்பி, இரண்டு மணிவாக்கில் தலைக்கு மேல் வந்துவிடும். டிசம்பர் 13, 14 இரவுகள்தான் உச்சம். 'மணிக்கு 120' என்று செய்தியில் போடுவது கும்மிருட்டு வானத்துக்கான கணக்கு. சென்னை மாடியில் பத்து தெரிந்தாலே லாபம்.

கே: டெலஸ்கோப் வேணுமா?

ப: வேண்டாம், பாய் போதும். கண் இருட்டுக்குப் பழக, செல்போனை மட்டும் அரை மணி நேரம் தொடாதீர்கள்.

கே: ஜெமினிட்டுக்கு எந்த வால்மீன் சார் காரணம்?

ப: வால்மீனே இல்லை, ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்ட தூசிதான். அந்தச் சிறுகோளை 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் கண்டுபிடித்தது.

கே: எங்க ஊர்ல பச்சையா ஒரு தீப்பந்து போச்சு. தோப்புக்குப் பின்னாடிதான் விழுந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. தேடலாமா?

ப: எல்லா ஊரிலும் தோப்புக்குப் பின்னால்தான் விழும்! வெளிச்சம் பெரும்பாலும் பல கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடுகிறது. அணைந்த பிறகு இடிச்சத்தம் கேட்டதா, எத்தனை விநாடி கழித்து? சத்தம் ஒரு கிலோமீட்டர் வரச் சுமார் மூன்று விநாடி ஆகும். ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் 2013 பிப்ரவரி 15 அன்று, ஏறத்தாழ 20 மீட்டர் கல் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. வெளிச்சம் பார்த்து ஜன்னலோரம் போனவர்களை, இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிச் சில்லுகளால் கிழித்தது. அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் ஜன்னலை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

கே: 2016இல் வேலூர் மாவட்டத்துல ஒரு கல்லூரியில விண்கல் விழுந்து டிரைவர் இறந்தாரே?

ப: அரசு அப்படித்தான் அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத் தெரிகிறது என்றார்கள். என் கட்சியும் அதுதான்.

கே: ஒரு நிமிஷம் மெதுவா, வரிசையா நெருப்புத் துண்டுகள் போச்சே?

ப: அது விண்கல் இல்லை. ராக்கெட் பாகமோ பழைய செயற்கைக்கோளோ எரிந்து விழுந்திருக்கும். விண்கல் சில விநாடிக்குள் தீர்ந்துவிடும்.