அட்டவணை 72 என்கிறது, மீன்களோ நலம்: எதை நம்புவது?

கேள்வி: செடிகள் வளர்க்கும் என் மீன் தொட்டியில் கேஎச் (நீரின் காரத்தன்மை அளவு) 6, பிஎச் 6.4. இவ்விரண்டையும் வைத்து வாயுவின் அளவைச் சொல்லும் அட்டவணைப்படி கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 72 மில்லிகிராம், மீன்கள் திணற வேண்டிய அளவு. ஆனால் மீன்கள் இயல்பாகவே நீந்துகின்றன. தொட்டியில் மரக்கட்டை உண்டு. பிஎச் குறைக்கும் பொடியும் போடுகிறேன். செடிகளுக்காகச் செலுத்தும் இந்த வாயுவை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் கணக்கில் பிழையில்லை. கேஎச்சை மூன்றால் பெருக்கினால் 18. அது பிஎச் 7-க்கு உரிய அளவு. பிஎச் 0.6 இறங்கும்போது அது நான்கு மடங்காகி 72-ஐத் தொடும். ஆனால் தண்ணீரின் புளிப்பு முழுவதும் கார்பன் டை ஆக்சைடால் வந்தது, காரத்தன்மை முழுவதும் பைகார்பனேட்டால் வந்தது என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். இந்த நிபந்தனையை அட்டவணையின் ஓரத்தில் ஒரு வரியாக அச்சிட ஏன் யாருக்கும் மனம் வரவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மரக்கட்டையிலிருந்து கசியும் அமிலம் பிஎச்சைச் சற்றே இறக்கும். அது சிறிய விஷயம். பெரிய வில்லங்கம் அந்தப் பொடிதான். இத்தகைய பொடிகள் பலவற்றில் இருப்பது பாஸ்பேட். அது பிஎச்சைக் கீழே பிடித்து நிறுத்துவதோடு, கேஎச் சோதனைச் சொட்டுகளையும் ஏமாற்றுகிறது. ஏனெனில் அந்தச் சோதனை பைகார்பனேட்டைத் தனியாக அளப்பதில்லை, அமிலத்தை ஏற்கும் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. பொடியை விற்பவர் இதைச் சொல்லமாட்டார். பிஎச் மறுபடி ஏறியதும் இரண்டாவது டப்பாவை நீட்டுவார்.

ஒரு குவளைத் தொட்டி நீரில் ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழ்களை விடும் கல்) ஒரு நாள் ஓடவிட்டுப் பிஎச் பாருங்கள். கேஎச் 6 முழுவதும் பைகார்பனேட்டாக இருந்தால் அது 8.4-ஐ ஒட்டி ஏறும். 7.4-இலேயே நின்றுவிட்டால் அட்டவணையை ஒதுக்கிவிடலாம்: காற்றோட்டிய நீரில் எஞ்சுவது லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான், பிஎச் ஒன்று இறங்கினால் பத்து மடங்கு என்பதால், தொட்டியில் இருப்பது தோராயமாக 6 மில்லிகிராம். சும்மா திறந்துவைத்த நீரில் வாயு முழுதாக வெளியேறாது என்பதால் ஏர் ஸ்டோனைத் தவிர்க்காதீர்கள்.

பொடியை நிறுத்தி, சில வாரங்கள் தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றுங்கள். டிராப் செக்கரில் (தொட்டிக்குள் மாட்டி, நிறத்தால் கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் சிறு குமிழ்) தொட்டி நீரை ஊற்றாமல், கேஎச் 4 எனத் தயாரித்த கரைசலையே ஊற்றுங்கள். பச்சை நிறம் ஏறத்தாழ 30 மில்லிகிராமைக் காட்டும். நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், வாயுவைக் கூட்டும் நாளில் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளக்கின்றனவா என்று அருகிலிருந்து பாருங்கள்.