கேள்வி–பதில்: கல்லறைக் காற்று

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் முதல் வயலின் சொனாட்டாவை (வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நான்கு பகுதிப் படைப்பு) மகன் போட்டுக் காட்டினான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ‘எழவு வீடு மாதிரி இருக்கு, நிறுத்துங்க’ என்றாள் என் மனைவி. எனக்கு நிறுத்தவும் மனமில்லை, எதுவும் பிடிபடவும் இல்லை. இதை எப்படித்தான் கேட்பது?
– கச்சேரி ரசிகர், கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டம்மாவுக்கு நல்ல காது. 1953 மார்ச்சில் புரோகோஃபியெவ் இறந்தபோது, ஓய்ஸ்த்ராக் வயலினும் ஃபைன்பெர்க் பியானோவுமாக இதே சொனாட்டாவின் முதல் பகுதியையும் மூன்றாம் பகுதியையும்தான் இறுதி அஞ்சலியில் வாசித்தார்கள். ஸ்டாலின் இறந்ததும் அதே மார்ச் 5ஆம் தேதி. மாஸ்கோவின் பூவெல்லாம் அந்தப் பக்கம் போய்விட, இவருக்குப் பூ கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் வயலினை மறந்துவிட்டு, பியானோவின் இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடி ஸ்தாயியில் அது கனமாக நடந்து போகும். வயலின் திக்கித் திக்கித்தான் பேச வரும். முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில் வயலின் மேலும் கீழுமாக ஸ்வரங்களை மெல்லிய குரலில் உருட்டும். சரளி வரிசை போல ஏறி இறங்குவதுதான், ஆனால் படுவேகம். தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் மியூட் என்ற ஒலியடக்கியை மாட்டியிருப்பதால் ஒலி மங்கிப்போயிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் காற்று வீசுவதுபோல இருக்க வேண்டும் என்று ஓய்ஸ்த்ராக்கிடம் புரோகோஃபியெவ் சொன்னாராம். தாளில் ‘ஃப்ரெட்டோ’ என்று எழுதியிருக்கிறார். இத்தாலிய மொழியில் ‘குளிர்ந்து’ என்று பொருள். உருக்கமாக வாசித்தால் கெட்டுப்போகும்.

எரிந்துபோவதற்கு முந்தைய மூர் மார்க்கெட்டில் எட்டு ரூபாய்க்கு வாங்கிய ரெக்கார்டில்தான் இதை முதலில் கேட்டேன். அந்த இடம் வந்ததும் ஊசியில் தூசி என்று நினைத்து எடுத்து ஊதினேன். மறுபடி வைத்தால் அதே சரசரப்பு! மூன்றாவது தடவைதான் புரிந்தது.

1938இல் தொடங்கியதை 1946இல்தான் முடித்தார். நடுவில் போர். போர் ரஷ்யாவை எட்டும் முன்பே, ஸ்டாலின் ஆட்சியில், நண்பரான நாடக இயக்குநர் மேயர்ஹோல்டைக் கைது செய்து 1940இல் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இதற்கிடையில், புல்லாங்குழலுக்கு எழுதியிருந்த ஒன்றை மாற்றி எழுதிய இரண்டாவது வயலின் சொனாட்டா 1944இலேயே மேடையேறிவிட்டது. அண்ணனுக்கு முன்னால் தம்பிக்குக் கல்யாணம்! முதலாவதை 1946 அக்டோபரில் ஓய்ஸ்த்ராக்கும் பியானோ கலைஞர் ஓபோரினும் வாசித்தார்கள். ஒத்திகையில் ஓபோரின் ஓரிடத்தை மென்மையாக வாசிக்க, ‘இவனுக்கென்ன பைத்தியமா என்று ஜனங்கள் நாற்காலியில் துள்ள வேண்டும்’ என்கிற மாதிரி சொன்னாராம் புரோகோஃபியெவ். இப்படிப்பட்ட இசைக்கு மறுவருஷம் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசு!

வீட்டில் எதிர்ப்பு இருந்தால் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே பாட்டு இருக்கிறது. நான்காவது உங்களுக்கே பிடிக்கும். ஐந்து, ஏழு, எட்டு என்று எண்ணிக்கை மாறி மாறிப் பாயும். கண்டமும் மிஸ்ரமும் போட்டுப் பழகிய கை தொடையைத் தேடிப் போகும். தாளம் போடும் சுவாரஸ்யத்தில் இருந்துவிடாதீர்கள், கடைசியில் அந்தக் காற்று திரும்ப வரும்.

ஓய்ஸ்த்ராக் 1972இல் பியானோ கலைஞர் ரிக்டருடன் மேடையில் வாசித்த பதிவு கிடைத்தால் அதையே கேளுங்கள். அப்புறம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அந்தக் காற்று ஓடினால் இந்தக் காற்று கேட்காது.