காறுன தேங்காய் எண்ணெயை டீசல்ல கலக்கலாமா?

வெள்ளகோயில் பக்கமிருந்து ஒரு அண்ணா கேட்டிருக்காருங்க: கொப்பரை ஆட்டுனதுல காறிப்போன எண்ணெய் ட்ரம்ல கெடக்குது, அதை டீசலோட பாதிக்குப் பாதி கலந்து பழைய டிராக்டருக்கும் பிஎஸ்6 (புது பொகை விதிப்படி வந்த) பிக்கப்புக்கும் ஊத்தலாமா, பொகை கம்மியாகுமான்னு.

அண்ணா, அப்படியே ஊத்தாதீங்க. எரியாதுன்னு சொல்லலீங்க, 1900ல பாரிஸ் கண்காட்சியிலயே டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெய்ல ஓட்டிக் காட்டிருக்காங்க. தொந்தரவு கெட்டித்தன்மைலதான். 40 டிகிரில டீசல் 2ல இருந்து 4.5 சென்டிஸ்டோக்ஸ்குள்ள (கெட்டியை அளக்கற அளவு) இருக்கோணும், தேங்காய் எண்ணெய் 27 கிட்ட வருது, பாதி டீசல் சேர்த்தாலும் தேவையான அளவுக்கு எறங்காது, அதனால எரிபொருளைப் பீய்ச்சற நாசில் பனியாட்டம் தூவாம பெரிய துளியா விட்டு, அது அரைகுறையா எரிஞ்சு நாசில் நுனியில கரி கட்டி, பிஸ்டன் ரிங் ஒட்டி, மிச்சம் கீழ எறங்கி இன்ஜின் ஆயிலையும் கெட்டியாக்கிரும். மொதல்ல நல்லாத்தான் ஓடும், அதை நம்பித்தான் நெறைய பேரு ஏமாந்துர்றாங்க. மார்கழிக் காலைல எண்ணெய் உறைஞ்சா ஃபில்டரும் அடைக்கும்.

அதையே பயோடீசலா மாத்துனா டீசல்ல அளவாக் கலந்து ஓட்டலாங்க. மெத்தனாலும் (ஒரு வகை ஆல்கஹால்) காஸ்டிக் சோடாவும் சேர்த்து, கிளிசரினைப் பிரிச்சு, கழுவி, ஈரம் போக்குனா கெட்டி 5க்குள்ள வந்துரும். ஆனா காறுன எண்ணெய்ல அமிலம் ஜாஸ்தி, நேரா காஸ்டிக் போட்டா சோப்பாயிரும், அதுக்கு முன்னால கந்தக அமிலமும் மெத்தனாலும் வெச்சு ஒரு சுத்து ஓட்டோணும். மெத்தனால் ஆவி கண்ணையே பறிச்சுரும், சட்டுன்னு தீயும் புடிக்கும், தோட்டத்துச் சாளைல இந்த வேலை வேண்டவே வேண்டாம், லைசென்ஸ் இருக்கிற பிளான்ட்டுக்கு எண்ணெயைக் குடுத்துருங்க.

பொகை நெசமாவே கொறையும். அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு 2002ல பழைய லாரி இன்ஜின் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தப்ப, 20 சதவீதம் பயோடீசல் கலந்த டீசல்ல கரித்தூள் 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் கிட்ட கொறைஞ்சுது, நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 சதவீதம் ஏறுச்சு. பயோடீசல்ல ஆக்சிஜன் 11 சதவீதம் கிட்ட கலந்தே இருக்கறதாலதான் நல்லா எரியுது. மைலேஜ் ஒண்ணு ரெண்டு சதவீதம் போகும், அது பெருசில்லீங்க.

டிராக்டருக்கு டீசல்ல 20 சதவீதம் பயோடீசல் வரைக்கும் போதும். பழைய ரப்பர் ஓஸ் ஊறி கசியும், அதைப் பாத்துக்கோங்க, டேங்க்ல படிஞ்ச அழுக்கையெல்லாம் பயோடீசல் கரைச்சு விடும், அதனால மொத டேங்க் தீர்ந்ததும் ஃபில்டரை மாத்திருங்க. பிக்கப்ல தொடாதீங்க: நம்ம டீசல் தரத்துலயே பயோடீசல் 7 சதவீதம் வரைக்கும்தான் அனுமதி, அதுக்கு மேல போனா சைலன்சர் பக்கம் பொகைக் கரியைப் புடிக்கற கரி வடிகட்டில சாம்பல் சேரும், வடிகட்டியைச் சுத்தம் பண்ண இன்ஜின் ஊத்தற எக்ஸ்ட்ரா எரிபொருளும் ஆவியாகாம ஆயில்ல கலக்கும்.