ரோம் என்று அச்சிட்டிருப்பார்கள், இறங்குவது வேறு ஊரில்: மத்தியதரைக் கடல் க்ரூஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி விசா பற்றியவை, மீதிப் பாதி "ஒரே நாளில் பார்த்துவிடலாமா" வகை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

*எந்த மாதம் நல்லது? (திருநெல்வேலி)*

மே, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை. பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்கள் மே மாதத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஏதென்ஸில் வெயில் கடுமையானால் நண்பகலில், குன்றின் மேலிருக்கும் பழங்காலக் கோயில் வளாகமான அக்ரோபோலிஸையே சில மணி நேரம் மூடிவிடுகிறார்கள். அவ்வளவு செலவு செய்து போய்க் கீழேயே நிற்க வேண்டியிருக்கும்.

*ஏதென்ஸில் ஏறி, குசாதாசி, ரோட்ஸ், சாண்டோரினி போய் மறுபடி ஏதென்ஸ். ஏஜென்ட் சிங்கிள் என்ட்ரி விசா போதும் என்கிறார். கப்பலில்தானே இருக்கப்போகிறோம்? (கோவை)*

போதாது. குசாதாசி துருக்கியில் இருக்கிறது. அங்கே போனதும் ஷெங்கனை (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) விட்டு வெளியே வந்தாயிற்று, கிரீஸைச் சேர்ந்த ரோட்ஸ் தீவில் மறுபடி உள்ளே நுழைகிறீர்கள். அது இரண்டாவது என்ட்ரி. சிங்கிள் என்ட்ரி விசாவோடு போனால் பெரும்பாலும் கப்பலில் ஏறும்போதே நிறுத்திவிடுவார்கள். மல்டிபிள் என்ட்ரி என்று விண்ணப்பத்திலேயே குறித்து, கப்பலின் முழுப் பயணத்திட்டத்தையும் இணையுங்கள். அதிக நாள் கிரீஸில் என்பதால் கிரீஸிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் முன்னாலேயே போடலாம். கடைசி மூன்று வாரம் வரை இழுக்காதீர்கள். துருக்கிக்கு, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இந்தியர்களுக்கு இ-விசா கிடைக்கும். ஒரு நாள் இறங்குவதற்கு அது தேவையா என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது கவுன்டரில் செல்லாது.

*கப்பல் ரோமில் காலை 7 முதல் மாலை 7 வரை நிற்கிறது. கொலோசியம், வாட்டிகன் மியூசியம், சிஸ்டைன் சேப்பல், ட்ரெவி நீரூற்று, கொஞ்சம் ஷாப்பிங். 12 மணி நேரம் தாராளமாகப் போதும் அல்லவா? (சேலம்)*

கப்பல் ரோமில் நிற்கவில்லை. ரோமில் எந்தப் பெரிய கப்பலும் நிற்க முடியாது. நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இதை எத்தனை முறை எழுதினாலும் திரும்ப இதே கடிதம் வருகிறது. தப்பு கேட்பவர்கள் மேல் மட்டும் இல்லை, பயணத்திட்டத்தில் "ரோம்" என்று மட்டும் அச்சிட்டுக் கொடுப்பவர்கள் மேலும்தான். பக்கத்தில் துறைமுகத்தின் பெயரையும் தூரத்தையும் போட ஒரு வரி போதும். "ஃபுளோரன்ஸ்" என்று போட்டிருப்பது லிவோர்னோ, 90 கிலோமீட்டர். "வெனிஸ்" என்பது பல சமயம் ரவென்னா, 150 கிலோமீட்டர்.

சில வருடம் முன்னால் சிவிட்டாவெக்கியா ரயில் நிலைய நடைமேடையில் நம் ஊர்த் தம்பதி ஒருவரைப் பார்த்தேன். மணி பத்தரை. அந்த அம்மா கையில் ஏஜென்ட் கொடுத்த ஒற்றைத் தாள். "நாள் 3: ரோம்" என்று அச்சு, அதன் கீழே அவரே பேனாவால் ஆறு இடம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடிக்கக் கட்டம் போட்டு வைத்திருந்தார். "வாட்டிகன் எந்தப் பக்கம் தம்பி, நடந்தே போயிடலாமா?" என்றார். இன்னும் ஒரு மணி நேரம் ரயில் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. பணி ஓய்வுப் பணத்தில் வந்தவர்கள். அன்று அவர்களுக்கு வாட்டிகனின் முன் சதுக்கம் மட்டும்தான் கிடைத்தது. ஆறு கட்டத்தில் ஒன்று, அதுவும் பாதி.

சரி, கணக்குப் போடுவோம். 7 மணிக்குக் கப்பல் கட்டினால் நீங்கள் இறங்க 8 ஆகும். துறைமுகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்ஸில் லார்கோ தெல்லா பாச்சே என்ற பஸ் நிறுத்தம் வரை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸிலோ நடந்தோ ரயில் நிலையம். ரயில் ஏற 9. வாட்டிகனுக்கு சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்குங்கள், ரோமின் பெரிய நிலையமான டெர்மினி வரை போய்த் திரும்பி வர வேண்டாம். மணி 10 ஆகிவிடும். சாயங்காலம் 7 மணிக்குப் புறப்படும் கப்பலில் ஆறரைக்குள் ஏறியாக வேண்டும். நான் எப்போதும் சொல்வது: அந்தக் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் இருங்கள். ரோமில் மூன்றரைக்கு ரயில் ஏற வேண்டும். ஆக உங்கள் 12 மணி நேரம் ஐந்தரை மணி நேரம். வாட்டிகன் அல்லது கொலோசியம், ஏதாவது ஒன்று. இரண்டுக்குமே நேரம் குறித்த டிக்கெட் முன்பே வாங்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் வாட்டிகன் மியூசியத்தை மறந்துவிடுங்கள், மாதக் கடைசி ஞாயிறு தவிர மூடியிருக்கும். காகித ரயில் டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் உள்ள மிஷினில் முத்திரை குத்திக்கொண்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் அபராதம்.

ரோம்தான் உங்கள் கனவு என்றால் க்ரூஸுக்கு முன்னாலோ பின்னாலோ இரண்டு இரவு அங்கே தங்குங்கள். லிவோர்னோவில் இறங்குபவர்களும் ஃபுளோரன்ஸை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, 20 கிலோமீட்டரில் இருக்கும் பீசாவையும் அப்படியே பக்கத்து ஊரான லூக்காவையும் நிதானமாகப் பாருங்கள்.

*வெனிஸ் கால்வாய் வழியாகக் கப்பல் போகும்போது எந்தப் பக்க பால்கனி நல்லது? (சென்னை)*

பெரிய கப்பல்கள் அந்த வழியே போவதை 2021 ஆகஸ்டிலேயே இத்தாலி நிறுத்திவிட்டது. இன்னமும் பழைய வீடியோவைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுத்து பால்கனி வாங்குகிறார்கள். உங்கள் டிக்கெட்டில் ஏறும் இடம் வெனிஸை ஒட்டிய மர்கேராவா, ரவென்னாவா, த்ரியெஸ்தேவா என்று முதலில் பாருங்கள். அதைப் பார்த்தபின் விமான டிக்கெட் போடுங்கள்.

*கப்பல் ஏறும் நாள் காலையில் விமானம் இறங்குகிறது. சரிதானே? (மதுரை)*

வேண்டாம். முந்தின நாளே போய்ச் சேருங்கள்.

*அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. சாண்டோரினியில் மேலே போக முடியுமா? (தஞ்சாவூர்)*

முடியும், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும். கப்பல் நடுக்கடலில் நிற்கும், கரைக்குக் கொண்டுபோகும் சிறிய டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும். அலை இருந்தால் ஏறி இறங்கும்போது சிப்பந்தி கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரையிலிருந்து மேலே இருக்கும் ஃபிரா ஊருக்கு ஏறக்குறைய 600 படி, அல்லது கேபிள் கார். கழுதை வேண்டவே வேண்டாம். படியெல்லாம் சாணம் வழுக்கும், அந்த வெயிலில் அந்தப் பிராணிகளும் பாவம். அம்மாவுக்காகக் கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவை, அதாவது எக்ஸ்கர்ஷனையே எடுங்கள். பெரும்பாலும் அதினியோஸ் துறைமுகத்தில் இறக்கி பஸ்ஸில் மேலே கூட்டிப்போவார்கள். திரும்பக் கேபிள் காரில்தான் வர வேண்டியிருக்கும். நாலைந்து கப்பல் ஒன்றாக வந்த நாளில் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேலும் வரிசையில் நிற்க நேரும். இங்கேயும் அதே ஒன்றரை மணி நேரக் கணக்குதான், கடைசி டெண்டரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2025 முதல் உச்ச மாதங்களில் சாண்டோரினியில் இறங்க ஆளுக்கு 20 யூரோ வரி. பொதுவாகக் கப்பல் பில்லிலேயே சேர்ந்துவிடும்.

*தனியாகப் போனால் செலவு குறைவு என்கிறார்கள். கப்பல் நமக்காகக் காத்திருக்குமா? (புதுச்சேரி)*

அவர்களுடைய எக்ஸ்கர்ஷன் பஸ் தாமதமானால் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் வர வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் நகலாவது கையில் இருக்கட்டும்.

ஆனால் எல்லா ஊருக்கும் பயப்பட வேண்டாம். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து ஊருக்குள் மெட்ரோ இருக்கிறது, நகர நடுவிலுள்ள மொனாஸ்திராகி வரை அரை மணி நேரம் கூட ஆகாது. மால்டாவின் வலெட்டாவில் கரையிலிருந்து லிஃப்டில் ஏறினால் ஊர் வந்துவிடும். குசாதாசியிலிருந்து எஃபெசஸ் என்ற பழங்கால நகரின் இடிபாடுகள் 20 கிலோமீட்டர்தான். மேல் வாசலில் இறங்கிக் கீழ் வாசலில் வெளியே வாருங்கள், முழுக்க இறக்கம். வழியில் கம்பளக் கடையில் நிறுத்துவார்கள், உள்ளே போகாமல் வண்டியிலேயே உட்காருங்கள்.

*போனில் கடிகாரம் தானாக மாறிவிடுகிறது. அதையே நம்பலாமா? (ஈரோடு)*

நம்ப வேண்டாம். இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம், கப்பல் எதை வைத்துக்கொள்கிறது என்பது அன்றைய அறிவிப்புத் தாளில் இருக்கும். கப்பல் நேரத்துக்குக் கட்டிய சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று போதும். கடலில் போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கை அது தானாகப் பிடித்துக்கொண்டால் ஊருக்கு வந்ததும் பில் ஆயிரக்கணக்கில் வரும்.