கைராசியா, கோளாறா?

கேள்வி: எங்கள் ஊர் பெருந்துறைப் பக்கம். கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மஞ்சக்காட்டு மண்ணைக் கரைத்து, நியூட்ரியன்ட் அகார் (கிருமி வளர்க்கும் சத்துக்கூழ்) ஊற்றிய பிளேட்டின் மேல் பரப்பிப் பாக்டீரியா பிரிக்கும் வேலை. இரண்டு மாதமாக எந்தப் பிளேட்டைப் போட்டாலும் கன்டாமினேஷன்தான், வேண்டாத கிருமி கலந்துவிடுகிறது. ஒருநாள் பூஞ்சை, ஒருநாள் வெள்ளை வெள்ளையாக ஏதோ. “உனக்குக் கைராசி இல்லை கண்ணு” என்று சீனியர் அக்கா சிரிக்கிறார். கைடிடம் சொல்லப் பயம். கெட்ட பிளேட்டை அன்றன்றே கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி மீடியா ஊற்றிக்கொண்டிருக்கிறேன். என்னதான் செய்வதுங்க?
— பெயர் வேண்டாம்

பதில்: முதலில் கழுவுவதை நிறுத்துங்கள் அம்மணி. எங்கே தப்பு நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கெட்ட பிளேட்தான். அதைத்தான் தினமும் நீங்களே அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்றைக்கு இன்குபேட்டரில் (கிருமி வளரும் சூட்டுப் பெட்டியில்) இருக்கும் பிளேட்டுகளை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வேண்டாத காலனி (கிருமிக் கூட்டம்) அகாரின் மேலே உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா? நீங்கள் மேலே பரப்புகிறவர் என்பதால், உள்ளே புதைந்து கிடப்பது மீடியாவோடு வந்தது, ஆட்டோகிளேவைச் (அழுத்த ஆவியில் கிருமி நீக்கும் கருவியை) சந்தேகப்படுங்கள். மேலே, விளிம்போரமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பஞ்சு போல வளர்ந்தால் காற்றில் வந்தது. எல்லாப் பிளேட்டிலும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரிக் காலனி வந்தால், எல்லாவற்றிலும் பட்ட ஏதோ ஒரு பொருள்தான் காரணம்: சலைன் (மண் கரைக்கும் உப்புநீர்), பிப்பெட் முனைகள் இருக்கும் டிப் பெட்டி, அல்லது ஸ்ப்ரெட்டரை (பரப்பும் கோலை) முக்கி எடுக்கும் ஆல்கஹால்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பூஞ்சை கன்டாமினேஷன்தானா? தொழுவுரம் போட்ட மஞ்சக்காட்டு மண்ணில் பூஞ்சை இல்லாமல் இருக்குமா? நியூட்ரியன்ட் அகார் பூஞ்சையைத் தடுக்காது. மண் கரைசலைப் படிக்குப் படி பத்து மடங்கு நீர்த்து 10⁻³, 10⁻⁴, 10⁻⁵ என்று வரிசையாகப் பரப்பிய பிளேட்டுகளில் பூஞ்சையை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அது உங்கள் மண்ணிலேயே குடியிருப்பது. யார் மேலும் குற்றமில்லை. மூன்றிலும் ஒரே அளவில் இருந்தால் வெளியிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து வருவதென்றால், லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் சைக்ளோஹெக்ஸிமைடை (பூஞ்சையைத் தடுக்கும் மருந்து) கரைத்து, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, 50 டிகிரிக்கு ஆறிய மீடியாவில் சேர்த்து ஊற்றுங்கள். அது மனிதருக்கும் நஞ்சு. எடை போடும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம்.

மற்றதெல்லாம் ஊகம் வேண்டாம், ஒரு சோதனை போடுவோம். 250 மில்லி டிஸ்டில்டு வாட்டருக்கு 7 கிராம் நியூட்ரியன்ட் அகார் பொடி (லிட்டருக்கு 28 கிராம் கணக்கு). கொதிக்கவைத்து அகாரைக் கரைத்த பிறகு, இரண்டு டெஸ்ட் டியூபில் 20 மில்லி வீதம் ஊற்றிப் பஞ்சு அடையுங்கள். மீதி, 500 மில்லி கொள்ளும் கோனிக்கலிலேயே (கூம்புக் குடுவையிலேயே) இருக்கட்டும். எல்லாம் ஒன்றாக ஆட்டோகிளேவுக்குப் போகட்டும். வெளியே வந்த பிறகு டியூபைத் திறக்கவே கூடாது. கோனிக்கலில் இருப்பது 20 மில்லி வீதம் பத்துப் பிளேட்டுக்குச் சரியாக வரும். இரண்டை ஊற்றி மூடியதோடு விட்டுவிடுங்கள். இரண்டை லாமினாரில் (வடிகட்டிய காற்று வீசும் மேடையில்) புளோயர் ஓடும்போது அரை மணி நேரம் திறந்து வையுங்கள், இரண்டை வெளியே மேசை மேல் அதே அரை மணி. இரண்டில் மண் சேராத வெறும் சலைன் 0.1 மில்லி விட்டுப் பரப்புங்கள். கடைசி இரண்டில் ஸ்ப்ரெட்டரை மட்டும் தேய்த்து எடுங்கள். டியூபும் பிளேட்டும் சேர்த்து 30 டிகிரியில் 48 மணி நேரம். பூஞ்சைக்காக ஐந்தாம் நாள் வரைக்கும் விட்டுப் பாருங்கள்.

டியூபிலேயே ஏதாவது வளர்ந்தால் ஆட்டோகிளேவ். டியூப் சுத்தம், மூடி வைத்த பிளேட்டில் வளர்ச்சி என்றால் ஊற்றும்போதோ பெட்ரி டிஷ்ஷிலோ பிழை. கண்ணாடி டிஷ் என்றால் ஹாட் ஏர் அவனில் 160 டிகிரியில் முழுதாக இரண்டு மணி நேரம் இருந்ததா என்று பாருங்கள். மேசைப் பிளேட்டில் வளர்வது இயல்பு. லாமினார் பிளேட்டில் ஒன்றுமே வரக்கூடாது. சலைன் பிளேட்டில் வந்து ஸ்ப்ரெட்டர் பிளேட்டில் வராவிட்டால் சலைனோ டிப்போ. இரண்டிலும் வந்தால் ஸ்ப்ரெட்டர்.

வெள்ளையாக, சுருக்கம் விழுந்து, பிளேட் முழுக்கப் படரும் காலனி என்று நீங்கள் எழுதியிருந்தால் நேராக ஆட்டோகிளேவுக்கே போகச் சொல்லியிருப்போம். பேசில்லஸ் வகைகள் பல அப்படித்தான் வளரும். அவற்றின் ஸ்போர் (தடித்த ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) அரைகுறைச் சூட்டுக்கு அசையாது. வெர்டிகல் ஆட்டோகிளேவில் அடிக்கடி நடக்கும் தப்பு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடுவது. வீட்டில் குக்கருக்கு எப்போது வெயிட் போடுவோம்? ஆவி நேராகச் சீறி வந்த பிறகுதானே. இங்கும் அதே கதை. வால்வைத் திறந்து வைத்து, ஆவி விடாமல் ஐந்து பத்து நிமிடம் வந்த பிறகே மூட வேண்டும். பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிட்டால் அழுத்தம் காட்டும் முள் 15 பவுண்டு காட்டும், வெப்பம் 112 டிகிரியிலேயே நின்றுவிடும். வேண்டியது 121. முள் 15-ஐத் தொட்ட பிறகுதான் 15, 20 நிமிடக் கணக்கு ஆரம்பம். சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து அல்ல. நடுவில் கரண்ட் போய்விட்டால் முதலிலிருந்து முழு நேரமும் மறுபடி. மீடியா பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். முள் தானாகப் பூஜ்யத்துக்கு வரும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். அவசரப்பட்டால் மீடியா பொங்கிப் பஞ்சை நனைக்கும், நனைந்த பஞ்சு வழியாகக் கிருமி உள்ளே போகும், முகத்தில் ஆவியும் அடிக்கும். பாத்திரத்தில் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். சூடு பட்டது என்றுதான் அது சொல்லும், கிருமி செத்தது என்று சொல்லாது. சந்தேகம் தீர, சூட்டுக்கு எளிதில் சாகாத ஜியோபேசில்லஸ் ஸ்போர் தடவிய ஸ்ட்ரிப் ஒன்றை உள்ளே வைத்து எடுத்து வளர்த்துப் பார்ப்பதுதான் வழி.

ஆட்டோகிளேவின் அடியில் ஊற்றுகிற தண்ணீரையும் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர், பாதகமில்லை. போர் தண்ணீர் என்றால் சில மாதத்தில் காயில் (சூடேற்றும் கம்பிச் சுருள்) மேல் சுண்ணாம்பு மாதிரிப் படிந்து சூடு ஏற மறுக்கும்; அந்த உப்பு சேஃப்டி வால்வையும் அடைத்தால் ஆபத்து. டிஸ்டில்டு வாட்டரே ஊற்றுங்கள், காயில் முழுக்க மூழ்கும் அளவுக்கு.

லாமினாரைப் பொறுத்தவரை ஆடி மாதம் நம் ஊருக்கென்றே உள்ள தொல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலைத் திறந்தால் புழுதியோடு வந்து நிற்கும். ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, கூட்டிப் பெருக்கி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு உட்காருங்கள். லாமினாரின் ப்ரீ ஃபில்டரை (புழுதியைத் தடுக்கும் முன்வடிகட்டியை) எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். பல லேபில் யாருக்கும் தெரியாது. யூவி விளக்கு நீலமாக எரிவதாலேயே வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, எரிந்த மணிக்கணக்கு ஏற ஏற வீரியம் குறையும். மேடையை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். 95 சதவீதம் கையில் இருந்தால் 737 மில்லி எடுத்து ஒரு லிட்டருக்கு நீர் சேர்த்துக்கொள்ளலாம். நீர் கலந்தால்தான் கிருமியின் புரதம் நன்றாகச் சிதையும். தனி ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடும். ஆனால் ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. ஸ்ப்ரெட்டர் முக்கும் பீக்கரில் வாரக்கணக்கில் அதே ஆல்கஹால் இருந்தால் கிருமிக்கு அதுவே ஒரு கிணறு. தினம் மாற்றுங்கள். தீ அணையாத ஸ்ப்ரெட்டரைத் திரும்ப அதில் வைத்துவிடாதீர்கள். வைத்துப் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மேலே ஒரு கண்ணாடி மூடியைக் கவிழ்த்துவிடுங்கள், அணைந்துவிடும்.

கைடு விஷயம். “வரவே இல்லைங்க சார்” என்று வெறுங்கையோடு போனால் அவருக்கும் எரிச்சல்தான் வரும். பிளேட்டுகளின் போட்டோ, தேதி, மீடியா டப்பாவின் லாட் நம்பர், எத்தனை நிமிடம் ஆட்டோகிளேவ் ஓடியது என்ற குறிப்பு, இந்தச் சோதனையின் முடிவு எல்லாம் நோட்டில் இருக்கட்டும். அதோடு போய், “டியூபிலேயே வளருதுங்க சார், ஆட்டோகிளேவைப் பார்க்கணும்” என்றால் அது புகார் ஆகாது, ரிசல்ட். இரண்டு மாதம் மறைத்ததற்குக் கொஞ்சம் திட்டு விழலாம். வாங்கிக்கொள்ளுங்கள், தப்பு உங்களுடையது.

சீனியரோடு வம்பு வேண்டாம். ஆட்டோகிளேவ் பக்கத்தில் நூல் கட்டி ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள்: யார், எப்போது, வால்வு மூடிய நேரம், 15 பவுண்டு வந்த நேரம், நிறுத்திய நேரம். யாரையும் கேட்காமலே பாதிக் கதை அதில் தெரிந்துவிடும். கைராசிக் கேள்விக்கும் வழி இருக்கிறது. அடுத்த முறை ஒரே கோனிக்கலிலிருந்து நாலு பிளேட்டை அக்காவை ஊற்றச் சொல்லுங்கள், நாலை நீங்கள் ஊற்றுங்கள். அடியில் பெயர் எழுதி ஒரே இன்குபேட்டரில் கவிழ்த்து வையுங்கள். அவருடையதிலும் அதே வெள்ளைக் காலனி வந்தால் கையில் ஒன்றுமில்லை. அவருடையது சுத்தமாக இருந்து உங்களுடையது மட்டும் கெட்டால், அவர் ஊற்றும்போது மூடியை எவ்வளவு தூக்குகிறார், கோனிக்கலின் வாயை எப்போது தீயில் காட்டுகிறார், பிளேட்டுக்கு மேலாகக் கையைக் கொண்டுபோகிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

பார்த்து முடித்த பிளேட்டுகளை இதுவரை நேராகத் தொட்டியில் கழுவியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இனி 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கழுவுங்கள், அதுவும் போட்டோ எடுத்த பிறகு.