யோங்-ஹேயைத் தமிழ்நாட்டுக்கு அழைத்து வர வேண்டாம்

கேள்வி: சிறிய நாடகக் குழு ஒன்றை நடத்திவருகிறேன். ஹான் காங் எழுதிய கொரிய நாவலை ‘மரக்கறி’ என்ற தமிழ் மொழிபெயர்ப்பில் படித்ததிலிருந்து அதை மேடையேற்றும் எண்ணம் என்னை விடவில்லை. கதையை ஒரு தமிழ்க் குடும்பத்தில் நடப்பதாக மாற்றினால்தான் பார்வையாளர்கள் ஒன்றுவார்கள் என்கிறார்கள் குழுவினர். இறைச்சி உண்பதை நிறுத்திவிடும் நாயகி யோங்-ஹே நாவலில் அதிகம் பேசுவதில்லை என்பதால், அவளுக்கு நீண்ட தனிமொழிகள் எழுதலாமா என்றும் யோசிக்கிறேன். தங்கள் ஆலோசனை என்ன?
— வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு, இரண்டையுமே செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் இடமாற்றம். நம் ஊரில் இறைச்சியை மறுக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் மரியாதைதான் கிடைக்கும். ‘சைவம்’ என்ற சொல்லின் மேல் சமயமும் சாதியும் சுத்தம் பற்றிய எண்ணங்களும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. யோங்-ஹேக்கு ஒரு தமிழ்ப் பெயரைச் சூட்டிவிட்டால், விரதமா, வேண்டுதலா, மேல்சாதிப் பழக்கமா என்று பார்வையாளர் காரணம் தேடத் தொடங்குவார். அவள் உண்மையில் எதை மறுக்கிறாள் என்ற கேள்வி மறைந்துபோகும். சியோலில் அவளுடைய மறுப்புக்கு அப்படி ஒரு மரியாதை காத்திருக்கவில்லை. கணவனின் அலுவலக விருந்தில், மேலதிகாரியும் அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இறைச்சியைத் தொடாமல் இருப்பது அவனுக்குத் தலைகுனிவு. அவளுடைய அப்பாவோ வியட்நாம் போரில் சண்டையிட்டுப் பதக்கம் பெற்றவர், மகளை அடித்தே வளர்த்தவர். அந்த வரலாற்றைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கையை ஓங்கினால், அது வெறும் குடும்பச் சண்டையாகச் சுருங்கிவிடும். மொழிபெயர்ப்பாளர் சமயவேல் ‘சைவம்’ என்ற சொல்லை ஒதுக்கி ‘மரக்கறி’யைத் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு, மரமாகிவிட விரும்பும் ஒருத்தியின் கதைக்கு, தலைப்பிலேயே மரம் நிற்கிறது.

அடுத்து அவளுடைய மௌனம். 2007-இல் நூலான இந்நாவலின் மூன்று பகுதிகளில் முதலாவதைக் கணவன் சொல்கிறான். இரண்டாவது அக்காள் கணவனின் பார்வையிலும், மூன்றாவது அக்காள் இன்-ஹேயின் பார்வையிலும் நகர்கின்றன. யோங்-ஹேயின் சொந்தக் குரல் முதல் பகுதியில் ஆங்காங்கே வரும் கனவுத் துண்டுகளில் மட்டுமே நேரடியாகக் கேட்கிறது. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், எவரும் அவளை அறியவில்லை என்பதுதான் நாவலின் கட்டுமானமே. நீங்கள் தனிமொழி எழுதினால், அவள் தன்னை விளக்கிவிடுவாள். பார்வையாளரும் புரிந்துவிட்டது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நிம்மதியை அவருக்குக் கொடுக்காதீர்கள். பேச வேண்டியவன் கணவன். அவன் அரங்கை நோக்கி, மிகவும் நாகரிகமாக, நியாயம் கேட்பவனைப் போலப் பேசட்டும். பார்வையாளரும் சற்று நேரம் அவனுக்குத் தலையாட்டட்டும்.

நாவலில் ஒரு காலை வருகிறது: குளிர்பெட்டியில் இருந்த இறைச்சியையெல்லாம் யோங்-ஹே குப்பைப் பைகளில் போட்டுக்கொண்டிருக்கிறாள், கணவனுக்கோ சட்டை இஸ்திரி போடப்படவில்லை என்பதும் அலுவலகத்துக்கு நேரமாகிறது என்பதும்தான் கவலை. மேடையில் முதல் காட்சியாக இதையே வைப்பேன். திறந்து கிடக்கும் குளிர்பெட்டியின் வெளிச்சம் தவிர வேறு விளக்கு வேண்டாம். உறைந்த பொட்டலங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் பின்னால் கேட்க, முன்னால் நின்று அவன் கசங்கிய சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கட்டும். பிறகு இன்-ஹேயின் வீட்டு விருந்தில் அப்பா மகளை அறைந்து, பன்றி இறைச்சியை அவள் வாயில் திணிக்கும்போது, இறுக மூடிய அந்த உதடுகளுக்கு எந்த வசனமும் ஈடாகாது. அதற்குப் பிறகுதான் அவள் பழக்கத்தியை எடுத்துத் தன் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள். ரத்தத்தைக் காட்டாதீர்கள், மேசையைச் சுற்றி இருப்பவர்களின் முகங்களைக் காட்டுங்கள்.

இரண்டாம் பகுதியில் உடலில் பூக்கள் வரையும் காட்சிகளைக் காணொளிக் கலைஞனான அக்காள் கணவனின் கேமராவை வைத்தே நடத்திவிடலாம், நிர்வாணம் தேவையில்லை. மூன்றாம் பகுதியில், மனநல மருத்துவமனையில் தன்னை மரமாகவே எண்ணித் தலைகீழாக நிற்கும் யோங்-ஹேக்கு, பயிற்சி பெற்ற நடிகை வேண்டும். ஒத்திகையின் முதல் வாரத்திலேயே அதைத் தொடங்குங்கள். அக்காட்சியின் பாரம் உண்மையில் இன்-ஹேயின் மேல்தான் இருக்கிறது. தங்கையைக் காப்பாற்ற வந்தவள், தானும் எத்தனை காலமாக வாழாமல் வெறுமனே சகித்துக்கொண்டிருந்தோம் என்று உணர்வது அங்கேதான். உங்கள் குழுவின் மிகச் சிறந்த நடிகையை அந்தப் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைவு என்று தயங்க வேண்டாம். இத்தாலிய இயக்குநர் டாரியா டெஃப்லோரியன் 2024-இல் இதே நாவலை நான்கே நடிகர்களைக் கொண்டு மேடையேற்றினார்.

இன்னொன்று. தமிழ்ப் பதிப்பகத்திடம் இருக்கும் அச்சுரிமை நாடக உரிமை ஆகாது. அதை ஆசிரியர் தரப்பிடம் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். தமிழ் வாக்கியங்களை அப்படியே எடுத்தாள்வதானால் மொழிபெயர்ப்பாளரின் ஒப்புதலும் வேண்டும். கட்டணம் வாங்காத காட்சிதானே என்று நினைத்துவிடாதீர்கள். பதிப்பகத்துக்கு இன்றே எழுதி, உரிமையைக் கவனிக்கும் முகவரின் முகவரியைக் கேளுங்கள். எழுத்து மூலமான அனுமதி கைக்கு வரும்வரை அரங்கத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.